ஒன்பதாம் கேள்விக்குப் பதில்

அத்தியாயம் 17

போன வாரம் அவனை ஒரு மர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். நமக்கு ஏழு நாள் ஓடிவிட்டது. பாவம், அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவன் கடிகாரத்தில் இரண்டு நிமிடம்தான் போயிருக்கிறது.

கையில் பன்னிரண்டாவது கோப்பு. பக்கத்தில் மூடி திறந்த பச்சை மைப் பேனா. மை காய்கிறது, மூடத் தோன்றவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் ஆள் ஓர் அறக்கட்டளையில் தணிக்கை அதிகாரி. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு வீட்டு வழக்கு, கூலி வழக்கு, ஜீவனாம்ச வழக்கு என்று இலவசமாக நடத்திக் கொடுக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு அந்த அறக்கட்டளை வருடா வருடம் மானியம் கொடுக்கிறது. அந்த மானியம் உரியவர்களுக்குத்தான் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது இவன் பிழைப்பு. அலமாரியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இருபது கோப்புகளை உருவுவான். குறை கண்டால் பச்சை மையில் எழுதுவான். அதனால் அவன் போகிற இடத்திலெல்லாம் அவனுக்குப் 'பச்சை மை' என்றே பெயர்.

இருபதில் மூன்று கோப்பில் குறை இருந்தால் மானியம் நின்றுவிடும். இந்த அலுவலகத்தில் இரண்டு ஆகிவிட்டது. ஒன்றில் வருமானச் சான்று இல்லை. இன்னொன்றில் வக்கீல் கையெழுத்து இல்லை.

கட்சிக்காரர்களின் பெயரும் விலாசமும் தணிக்கைக்காரர் கண்ணில் படக்கூடாது. அதற்காக ஒரு குமாஸ்தா, முந்தின நாளெல்லாம் உட்கார்ந்து அலமாரியில் இருந்த அத்தனை கோப்பிலும் பெயர் வருகிற இடத்திலெல்லாம் காகிதத் துண்டு ஒட்டி மறைத்திருந்தார். விரலெல்லாம் காய்ந்த பசை. அலுவலகமே அவரைப் 'பசையார்' என்றுதான் கூப்பிடுகிறது. பெயரை மறைத்தார், விலாசத்தை மறைத்தார், கையெழுத்துப் போட்ட இடத்தைக்கூட மறைத்தார். எழுத்தை என்ன செய்வார் மனிதர்?

விண்ணப்பத்தைத் திருப்பியபோது நம் ஆளின் விரல் நுனியில் எழுத்துகள் தட்டுப்பட்டன. அவ்வளவு அழுத்தி எழுதினால் மறுபக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். சின்ன வயதில் தன் பாடப் புத்தக அட்டைகளில் இதே புடைப்பைத் தடவித் தடவி விளையாடியவன் அவன்.

'தொழில்: தையல் மெஷின் பழுது பார்ப்பது.'

அப்பா! அவர் எழுத்துதான்.

கண் தானாக ஒன்பதாம் கேள்விக்குப் போயிற்று. 'பிள்ளைகள் எத்தனை பேர்? என்ன வேலை செய்கிறார்கள்?'

'மகள் ஒருத்தி. பஸ் டிப்போவில் டிக்கெட் கவுன்ட்டர்.'

அதோடு சரி. கீழே இரண்டு வரிக்கு இடம் இருந்தது. அந்த இரண்டு வரியும் காலியாகக் கிடந்தன.

ஒரு தடவை படித்தான், மறு தடவை படித்தான். காது மடல் சூடேறியது. அறையில் அவனைத் தவிர யாரும் இல்லை, ஆனாலும் யாரோ பின்னால் நின்று பார்க்கிற மாதிரி கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

கோப்பில் வீட்டு வாடகை ரசீதுகள் இருந்தன. பதினேழு வருட ரசீது. குண்டூசி இல்லை, கிளிப் இல்லை. மெஷினில் வைத்து நீல நூலில் இரட்டைத் தையல் போட்டுப் புத்தகமாக ஆக்கியிருந்தது. பழுது பார்த்த மெஷினைக் காகிதத்தில் ஓட்டிப் பார்ப்பது அப்பாவின் வழக்கம். வெறும் காகிதத்தில் ஓட்டுவானேன் என்று ரசீதையும் மின்சார பில்லையும் தைத்துவிடுவார்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. பார்த்து முடித்துக் கீழே அடுக்கியிருந்த பதினொரு கோப்பையும் எடுத்தான். எல்லாவற்றின் முதுகிலும் அதே நீல நூல், அதே இரட்டைத் தையல்.

காலையில் வந்ததும் அறிக்கையின் முதல் பக்கத்தில் அவனே எழுதியிருந்தான். 'கோப்புகள் மிக நேர்த்தியாகத் தைக்கப்பட்டுள்ளன. பாராட்டுக்குரியது.' பச்சை மையில்!

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

எட்டாம் அத்தியாயத்து விருந்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் இவன் புது வீட்டுக்குக் குடி போனான். ஆபீஸ் ஆட்களை அழைத்து விருந்து வைத்தான். அறக்கட்டளைத் தலைவரும் வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து அப்பா வாசலில் வந்து நின்றார். தோளில் ஒரு தையல் மெஷின், மருமகளுக்காக மூன்று மாதம் இழைத்து இழைத்துப் புதிதாக்கியது. சட்டையில் கிரீஸ், நகத்தில் கிரீஸ்.

"யாருப்பா இவர்?" என்று கேட்டார் தலைவர்.

"தெரிஞ்சவர் சார். மெஷின் கொண்டு வந்திருக்கார்."

அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஒரு கணம்தான். சட்டென்று புரிந்துகொண்டு, "இதை எங்க வைக்கட்டும் சார்?" என்று கேட்டார். மகனைப் பார்த்துத்தான் கேட்டார். வைத்தார், போய்விட்டார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இப்போது அதற்குப் பதில் வந்திருக்கிறது, ஒன்பதாம் கேள்வியில். அவனுக்கு அப்படித்தான் பட்டது. மனிதர் நான்கு வருடம் காத்திருந்து, அரசாங்கக் காகிதம் மாதிரி ஒன்றில், அழுத்தமான எழுத்தில், எனக்கு மகன் இல்லை என்று தீர்த்துவிட்டார்.

அடுத்த பக்கங்களைப் படிக்கப் படிக்க இன்னும் மோசம். வீட்டுக்காரர் கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறாராம். காலி செய்ய மறுத்ததும் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டார். படிக்கட்டு விளக்கைக் கழற்றிவிட்டார். ஏழு மாதமாகக் கீழே தெருக் குழாயிலிருந்து இரண்டு மாடி தண்ணீர் தூக்குகிறார்கள். இந்த அலுவலகத்து வக்கீலம்மாதான் நீதிமன்றத்துக்குப் போய், யாரும் வெளியேற்றக் கூடாது என்று இடைக்காலத் தடை வாங்கியிருக்கிறார். அடுத்த விசாரணைத் தேதி கடைசிப் பக்கத்தில் குறித்திருந்தது.

இன்றைய தேதி. மதியம் மூன்று மணி.

இத்தனையும் நடந்திருக்கிறது. இவனுக்கு ஒன்றும் தெரியாது. மாதம் ஒரு தடவை அக்காவுக்கு போன் போடுவான். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பாள். இவனும் நல்லாத்தான் இருக்கும் என்று வைத்துவிடுவான். அதற்கு மேல் கேட்டால் ஏதாவது செய்யவேண்டி வருமே!

பின்பக்க வராந்தாவுக்குப் போய் அக்காவுக்கு போன் போட்டான்.

"என்னடா இந்த நேரத்துல? கவுன்ட்டர்ல கூட்டம் நிக்குது."

"அக்கா, வீட்டு மேல கேஸா?"

அந்தப் பக்கம் டிக்கெட் கிழிக்கிற ஓசை இரண்டு தடவை கேட்டது.

"யார் சொன்னா?"

"ஃபைல் என் கையில இருக்கு. நான்தான் இங்க தணிக்கைக்கு வந்திருக்கேன்."

"கடவுளே... எத்தனை ஆபீஸ் இருக்கு, உனக்கு இந்த ஆபீஸ்தானா கெடச்சுது!"

"ஏன்க்கா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லி? நீ என்ன பண்ணியிருப்ப? 'பாக்கறேன்'னு சொல்லியிருப்ப. உன் 'பாக்கறேன்' எனக்குத் தெரியாதா?"

"அப்பா எனக்கு மகனே இல்லைன்னு எழுதியிருக்கார்க்கா."

"எழுதட்டுமே. பொய்யா எழுதியிருக்கார்?"

"அக்கா!"

"என்ன அக்கா? ராத்திரி பகலா வேலை பாத்துட்டு வந்து ரெண்டு மாடி தண்ணி தூக்கறேன். எனக்கு முன்னாடி அவர் தூக்கி வச்சுடறார், நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு. அப்ப உன்னைய நெனச்சுப் பாக்கக்கூட எனக்கு நேரம் இல்லடா."

பின்னால் யாரோ சில்லறை கேட்டுச் சத்தம் போட்டார்கள். அக்கா குரலைத் தணித்தாள்.

"இங்க பாரு. ஒண்ணரை மணிக்கு அப்பா அங்க வருவார், வக்கீலம்மாவோட கோர்ட்டுக்குப் போக. நீ மாடியிலயே இரு. கீழ வராத. உன் பேனாவ வச்சுக்கிட்டு எதையாவது கிறுக்கி, இருக்கற வக்கீலையும் இல்லாம பண்ணிடாத. அது ஒண்ணு செஞ்சாப் போதும் நீ."

போனை வைத்துவிட்டாள்.

அவன் அறைக்குத் திரும்பினான். விதி அவனுக்கு மனப்பாடம். தணிக்கை செய்பவரின் உறவினர் கோப்பு கையில் வந்தால் உடனே மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் பொய்த் தகவல் இருந்தால் அது குறை. குறை என்றால் மூன்றாவது. மூன்று என்றால் மானியம் நின்றது. நான்கு வக்கீல்களுக்குச் சம்பளம் கிடையாது, கீழே பெஞ்சில் காத்திருக்கிற ஜனங்களுக்கு வக்கீல் கிடையாது, அப்பாவுக்கு வீடு கிடையாது.

சொல்லாமல் விட்டால்? பெயர்தான் ஒட்டி மறைத்திருக்கிறதே. யாருக்குத் தெரியப் போகிறது?

பேனாவை எடுத்தான். கோப்பின் மேல் எழுதினான். 'குறை இல்லை.'

எல்லாரையும் காப்பாற்றிவிட்டோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நீங்கள் நம்புகிறீர்களா? அவனே நம்பவில்லை. காப்பாற்றியது முதலில் தன்னைத்தான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

பன்னிரண்டரைக்கு வக்கீலம்மா இரண்டு டீயோடு வந்தார். ஐம்பது வயது, நரைத்த பின்னல், ஒரு காலில் மட்டும் அறுந்துபோன செருப்புக்கு ஊக்கு. இந்த அலுவலகத்தை இருபது வருடமாக இழுத்துக்கொண்டு வருகிறவர்.

"சார், கேக்கக் கூடாதுதான். ஆனா மனசு கேக்கல. ரெண்டு ஆயிடுச்சுன்னும், இப்ப எந்த ஃபைல் உங்க கையில இருக்குன்னும் பசையார் சொன்னார். பன்னெண்டு எப்படி?"

"குறை இல்லை" என்றான்.

"அப்பாடா!" என்று டீயை ஒரே மடக்காகக் குடித்தார். "அது நல்ல மனுஷன் ஃபைல் சார். பேர் சொல்லக் கூடாது, சொல்லல. இந்தத் தையலெல்லாம் அவர் கைவேலைதான். சும்மா வாங்கிக்கறதுக்குக் கூச்சமா இருக்கும்மான்னு ஒரு நாள் மெஷினையே தூக்கிக்கிட்டு வந்துட்டார். வேணாம் பெரியவரே, இது இலவசம், பதிலுக்கு எதுவும் செய்யக் கூடாதுன்னு எவ்வளவோ சொன்னேன். ஃபைல் கிழிஞ்சு கெடக்கறதப் பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா உக்கார்றதுங்கறார்."

அவன் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"ஒரே பொண்ணு. அது ராப்பகலா உழைக்குது. ஒரு பையன் இருந்திருந்தா இந்த வயசுல அவரை ரெண்டு மாடி தண்ணி தூக்க விட்டிருப்பானா சொல்லுங்க?"

டீ சூடு என்று ஏதோ முணுமுணுத்தான்.

ஒன்றரை மணிக்கு அவன் மாடியிலேயே இருந்திருக்க வேண்டும். அக்கா சொன்னபடி கேட்டிருக்க வேண்டும். ஆனால் கால் கேட்கவில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று கைப்பிடிக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

கீழே எள் போட்டால் விழ இடம் இல்லை. இரண்டு பெஞ்சு, அதில் பன்னிரண்டு பேர். கைக்குழந்தையோடு ஒருத்தி. கூலி பாக்கிக்காக வந்த மூன்று கட்டட வேலைக்காரர்கள். எல்லார் மடியிலும் பிளாஸ்டிக் பை, பைக்குள் காகிதம்.

பெஞ்சின் ஓரத்தில் அப்பா. துவைத்து மடித்த வெள்ளைச் சட்டை. காலுக்கு நடுவில் கருவிப் பை. இளைத்துப் போயிருந்தார். காலர் கழுத்தைச் சுற்றிலும் தள்ளி நின்றது. பக்கத்துப் பெண்ணின் குழந்தைக்கு ஒரு காலி நூல்கண்டைக் கொடுத்து உருட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவன் இறங்கினான். மூன்று படி இருக்கும்போது அப்பா பார்த்துவிட்டார்.

உடனே எழுந்து நின்றார். அதிகாரி வந்தால் கட்சிக்காரர் எப்படி எழுந்து நிற்பாரோ அப்படி.

"வணக்கம் சார்."

பெஞ்சில் இருந்தவர்களும் அவரைப் பார்த்து எழுந்தார்கள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. பூமி பிளந்தால் நல்லது என்று நின்றான், பூமி அதுபாட்டுக்கு இருந்தது.

"கொஞ்சம்... இப்படி வாங்க" என்றான்.

தண்ணீர் டிரம் வைத்திருந்த மூலைக்கு அப்பா பின்னால் வந்தார். யாரும் கவனிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் பேசினார்.

"மேல போடா. யாராவது பாத்தா ஏதாவது நெனப்பாங்க."

"ஏன்ப்பா அப்படி எழுதினீங்க?"

"எதை?"

"ஒன்பதாம் கேள்வி."

அப்பா கருவிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அதுவா. உன் கைக்கா வந்துச்சு?"

"அன்னைக்கு விருந்துல நான் சொன்னது தப்புப்பா. பெரிய தப்பு. அதுக்காக நீங்க..."

"அதுக்காகத்தான்" என்றார் அப்பா, சாதாரணமாக. "நீ எப்படி வச்சுக்கணும்னு நெனச்சியோ அப்படியே எழுதினேன். மகன்னு போட்டா என்ன வேலைன்னு போடணும். வேலை போட்டா உன் ஆபீஸ் பேர் வரும். அவங்க மானியத்துலதான் இந்த எடமே நடக்குதுன்னு பலகையில போட்டிருக்கு. ஆபீசரோட அப்பன் இலவச வக்கீலுக்கு டோக்கன் வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கான்னு நாலு பேர் பேசினா உனக்குத்தானே அசிங்கம்? உன் வேலைக்கு ஏதாவது ஆயிட்டா? மருமக என்ன நெனைக்கும்?"

கோபம் இல்லை. குத்தல் இல்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அப்பா அதை ஒரு உபகாரம் மாதிரி சொன்னார், மழை வருகிறதே என்று மகன் குடையை ஞாபகமாக எடுத்து வைத்தவர் மாதிரி.

"அப்பா, தனிக் குடும்பமா இருக்கற மகனோட வருமானம் கணக்குலயே வராது. மகன் இருக்கான்னு எழுதியிருந்தாலும் உங்களுக்கு இந்த உதவி கிடைச்சிருக்கும்."

"அப்படியா?" அப்பா உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "எனக்கென்னடா தெரியும். வரிசையில ஒருத்தர் வேற, பையன் இருக்கான்னா கேஸ எடுக்க மாட்டாங்கன்னார். ரெண்டுக்கும் சேத்து எழுதிட்டேன். இப்ப அது தப்பா? உனக்கு ஏதாவது ஆகுமா?"

"எனக்கு இல்லப்பா..."

"அப்ப விடு. நீ பாத்துட்ட, சரின்னு போட்டுட்டல்ல? அவ்வளவுதான். மேல போ."

மேலே போயிருப்பான். சத்தியமாகப் போயிருப்பான். கால் படியில் வைத்தாயிற்று. அந்த நேரத்தில் வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

தலைவர்! சாயங்காலம் அறிக்கையை ஆபீசில் கொடுப்பதாகத்தான் ஏற்பாடு. இந்தப் பக்கமாக வந்தாராம், எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாராம். பசையார் பதறிக்கொண்டு நாற்காலி தேடினார். வக்கீலம்மா கோர்ட்டுக் காகிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கி, கறுப்புக் கோட்டை ஒரு கையில் மாட்டியபடி மாடியிலிருந்து இறங்கி வந்தார். கோர்ட்டுக்குக் கிளம்பும் நேரம்.

"என்னப்பா, எத்தனை ஆச்சு?" என்றார் தலைவர் நம் ஆளைப் பார்த்து.

"பன்னெண்டு பாத்தாச்சு சார். குறை ரெண்டு."

"பரவாயில்லையே." தலைவரின் பார்வை தண்ணீர் டிரம் பக்கம் போயிற்று. அங்கேயே நின்றது. "இவரை எங்கயோ பாத்திருக்கேனே."

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"உங்க ஆபீசர் வீட்டு விருந்துல பாத்திருப்பீங்க சார். மெஷின் கொண்டாந்து வச்சேன்." கைகூப்பிச் சிரித்தார். "நான் அவருக்குத் தெரிஞ்சவர்."

அதே வார்த்தை. இவன் அன்றைக்குக் கொடுத்ததை நான்கு வருடம் பத்திரமாக வைத்திருந்து, தேவைப்பட்ட நேரத்தில் எடுத்து, இவனுக்காகவே செலவழித்துவிட்டார் மனிதர்.

"ஆமா ஆமா, ஞாபகம் இருக்கு" என்றார் தலைவர். நாற்காலிப் பக்கம் திரும்பினார். விஷயம் முடிந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

"எங்க அப்பா சார்."

சொன்னது யார் என்று அவனே ஒரு கணம் திகைத்தான்.

"என்னது?"

"இவர் எங்க அப்பா. அன்னைக்கு நான் பொய் சொன்னேன். பன்னெண்டாவது ஃபைல் இவருடையது. காலையிலயே தெரியும். உங்களுக்குச் சொல்லியிருக்கணும், சொல்லல. மகன் இல்லைன்னு அதுல எழுதியிருக்கு. அது தப்புன்னு தெரிஞ்சும் குறை இல்லைன்னு எழுதிட்டேன்."

குழந்தை உருட்டிய நூல்கண்டு தரையில் ஓடிச் சுவரில் முட்டி நின்றது.

"ஏண்டா..." என்றார் அப்பா. தலை குனிந்துகொண்டார். ஊரறிய வேஷம் கலைந்தது அவருக்குத்தான் என்பது போல.

தலைவர் நாற்காலியில் உட்காரவில்லை. "அந்த ஃபைலைக் கொண்டா."

கொண்டு வந்தான். 'குறை இல்லை' என்பதில் 'இல்லை'யை அடித்து 'உண்டு' என்று எழுதினான். கீழே கையெழுத்துப் போட்டான். பச்சை மை சொட்டி, நீலத் தையலில் ஊறியது.

"மூணு" என்றார் தலைவர் மெதுவாக.

"மூணு சார்."

"மானியத்தை நிறுத்தறதா வேணாமான்னு நாளைக்குக் கூட்டத்துல பேசணும். உன் விஷயத்தையும் சேத்துத்தான் பேசணும்." கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். போகும்போது அப்பா முன்னால் ஒரு நொடி நின்றார். பிறகு போய்விட்டார்.

வக்கீலம்மா கோட்டின் இன்னொரு கையை மாட்டிக்கொண்டார். அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவன் இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

"உண்மை சொல்லணும்னு இத்தனை நாளாத் தோணல. நல்ல நாள் பாத்தீங்க சார். இவங்க எல்லாரும்," பெஞ்சைக் காட்டினார், "அடுத்த மாசம் எங்க போவாங்கன்னும் பாத்து வச்சிருக்கீங்களா?"

செய்த தப்புக்கும் வெட்கம், திருத்தியதற்கும் வெட்கம். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அந்தப் பெண் தன்னையே பார்ப்பது தெரிந்தது. அவள் கண்ணை அவனால் பார்க்க முடியவில்லை.

"பெரியவரே, உக்காருங்க." வக்கீலம்மாவின் குரல் அப்பாவிடம் வரும்போது மாறிவிட்டது. "கோர்ட்டுக்குக் கொடுத்த பிரமாணப் பத்திரத்துலயும் மகள் ஒருத்தின்னுதானே எழுதினோம்? எனக்கு இப்பத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுக்கிட்டு மறைக்க முடியாது. மூணு மணிக்கு நானே எந்திரிச்சு நின்னு திருத்திச் சொல்லியாகணும். வீட்டுக்காரர் வக்கீல் சும்மா விடமாட்டார். ஒண்ணுல பொய் சொன்னவர் எல்லாத்துலயும் பொய்தான் சொல்லுவார்ம்பார். தடை நிக்குமோ போகுமோ, என்னால வாக்குக் கொடுக்க முடியாது."

"நான் போய் எதிர்ல நின்னு சொல்றேம்மா. புத்தி இல்லாம எழுதிட்டேன்னு சொல்றேன்."

"நானும் வர்றேன்" என்றான் அவன்.

யாரும் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

பசையார் புது விண்ணப்பத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். "அப்படியே திருத்தி இன்னொண்ணு எழுதிக் கொடுத்துடுங்க பெரியவரே. நேரம் ஆகுது. இந்தத் தடவை ஒட்டு வேலை கிடையாது." வேடிக்கையாகச் சொல்லத்தான் பார்த்தார். சொல்லிவிட்டு விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டு நின்றார்.

எழுதப் பேனா இல்லை. எல்லாரும் சட்டைப் பையைத் தடவினார்கள். கடைசியில் அவன் தன் பேனாவைத் திறந்து நீட்டினான்.

அப்பா தரையில் உட்கார்ந்து, தாளை பெஞ்சில் வைத்து, பழையபடி அழுத்தி அழுத்தி எழுதினார். தன் பெயர். வயது. தொழில். பச்சை எழுத்துகள் வரி வரியாக இறங்கின. எட்டாம் கேள்வியை முடித்தார். ஒன்பதுக்கு வந்தார். 'மகள் ஒருத்தி' என்று எழுதிக் கமா போட்டார்.

அங்கே பேனா நின்றது.

மணி இரண்டரை. வக்கீலம்மா வாசலில் நின்று ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா தலையை நிமிர்த்தி மகனைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கோபத்தைத் தேடினான், கிடைக்கவில்லை. கூச்சம்தான் இருந்தது, அடுத்தவர் வீட்டில் எதையோ கேட்டு வாங்க நிற்கிறவரின் கூச்சம்.

"உன் பேரை எழுதிக்கட்டுமா?" என்று கேட்டார்.